வாய் மூடாத கொழுக்கட்டை

"நாலஞ்சு மாசத்துல பிள்ளையோட வந்துருவா. அதுக்கு இப்பவே ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறே?"

"நாலஞ்சு மாசமா? அங்க துணியக் காயப் போட்டா விறைச்சுப் பலகையா நிக்குமாம். அந்தக் குளிர்லயா என் பேரப்பிள்ளை கண்ணத் தொறக்கணும்?"

"பிரசவம் மே மாசம். மே மாசத்துல அங்க ஏது அவ்வளவு குளிரு?"

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"நீ பாத்தியா?"

சித்ராதேவி கரியடுப்பை வேகமாக விசிறினாள். பொறி பறந்து அவள் கணவர் அப்பாசாமியின் காலடியில் விழுந்தது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டு, கோப்பையில் இருந்த லபெயே தேநீரைச் சாசரில் ஊற்றி நிதானமாக உறிஞ்சினார். இன்சீன் ரயில்வே பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சத்தத்துக்கும் அசையாத மனிதர்.

ரங்கூன் தாமுவேயில் மூன்றாவது மாடி. பின்பக்கத்துச் சின்ன பால்கனிதான் சமையலறையின் வால். காலை ஆறு மணிக்குப் போன கரண்ட் பகல் ஒரு மணிக்குத்தான் வரும். அதனால் அடுப்பு, புகை, சண்டை எல்லாமே பால்கனிக்கு வந்துவிட்டன.

சண்டைக்குக் காரணம் மருமகள் ஆயுனா. கெட்டவள் என்று சொல்ல முடியாது. அதுதான் கஷ்டமே.

மகன் முரளிதரன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். இரண்டு வருடம் முன்னால் கப்பல் பழுதாகி விளாதிவொஸ்தோக் துறைமுகத்தில் இரண்டு மாதம் நின்றது. கப்பல் சரியானபோது இவன் சரியில்லாமல் போனான். அங்கே படித்துக்கொண்டிருந்த ஆயுனாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். ரஷ்யாவிலிருந்து மருமகள் என்றதும் தாமுவேயில் பாதிப் பேர் வெள்ளைக்காரியை எதிர்பார்த்து வாசலில் கூடினார்கள். வந்தவளோ புர்யாத் இனத்துப் பெண். பைக்கால் ஏரிக்குக் கிழக்கே உலான் உதே என்கிற ஊர். அகன்ற முகம், சின்னக் கண், கன்னத்தில் சிவப்பு. சந்தைக்குப் போனால் எல்லோரும் அவளை உள்ளூர் ஷான் இனத்துப் பெண் என்று நினைத்துப் பர்மியத்தில் பேசுகிறார்கள். இதே ஊரில் பிறந்து வளர்ந்த சித்ராதேவியைப் பார்த்துத்தான் "நீங்க எந்த நாடு?" என்று இன்னமும் கேட்கிறார்கள். அந்த எரிச்சல் தனி.

ஆயுனாவுக்கு இப்போது ஆறு மாதம். முரளி ஏப்ரலில் மறுபடி கப்பல் ஏறிவிடுவான். பேரப்பிள்ளையைத் தன் கையில் முதலில் வாங்கப்போவது தான்தான் என்று சித்ராதேவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நாலு நாள் முன்னால் ஆயுனாவின் அம்மா தாரிமா வந்து இறங்கினாள். பெட்டி நிறைய உலர்ந்த பாலாடைத் தகடுகள், காட்டுப் பழத்தை அரைத்த கறுப்பு மாவு, வீட்டையே தூக்கியடிக்கிற வாசனையோடு ஒரு புகை மீன். பெட்டியின் அடியில் இரண்டு விமான டிக்கெட். ஒன்று அவளுக்கு, ஒன்று மகளுக்கு. இன்னும் பன்னிரண்டு நாளில்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று தாரிமா சொன்னாள். அங்கேயும் அப்படி ஒரு வழக்கமா, இல்லை அவளாகச் சொன்னாளா, தெரியாது. ஆனால் இதை மறுக்கச் சித்ராதேவிக்கு வாயே இல்லை. முரளி வயிற்றில் இருந்தபோது மாமியார் போக வேண்டாம் என்று தடுத்தும், "அது எங்க வழக்கம், யாரும் மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு, தாகேதாவில் இருந்த அம்மா வீட்டுக்குச் சட்டியும் பெட்டியுமாகப் போனவள் அவள்தான். தான் ஜெயித்த அதே சண்டையில் இப்போது எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாம் அந்தப் பொங்கல்லயே தெரிஞ்சுபோச்சு" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் அப்பாசாமி.

போன மாதம் பொங்கலன்று இதே பால்கனியில் புதுப் பானையில் பால் ஏறி வந்துகொண்டிருந்தது. சித்ராதேவி சங்கு எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தால் பானை அடுப்பில் இல்லை. ஆயுனா இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு பானையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, ஊதி ஊதிப் பாலை அடக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. "அமே, காப்பாத்திட்டேன்!" என்று பெருமையாகச் சிரித்தாள். 'அமே' என்றால் பர்மியத்தில் அம்மா. அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். சித்ராதேவி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் ஒன்றுமே சொல்லவில்லை. பொங்காத பானை வீட்டுக்கு ஆகாது, இந்தப் பெண் இங்கே நிலைக்க மாட்டாள் என்று அன்றே மனதில் விழுந்துவிட்டது. பெட்டிக்கு அடியிலிருந்து டிக்கெட் வெளியே வந்தபோது அவள் ஆச்சரியப்படக்கூட இல்லை.

இன்றைக்கு அவர்களுடைய புது வருடம். சகால்கான். வெள்ளை மாதத்தின் முதல் நாள். விடிவதற்குள் தாரிமா நீலப் பட்டு அங்கி போட்டுத் தயாராகிவிட்டாள். ரங்கூன் வெயிலுக்கு அந்த அங்கியைப் பார்த்தாலே வியர்த்தது. முதலில் ஒருவருக்கொருவர் கையைப் பிடித்து வாழ்த்த வேண்டுமாம். இரண்டு பேரும் கைகளை நீட்ட, இளையவர் தன் கையைக் கீழே கொடுத்து மூத்தவரின் முழங்கையைத் தாங்க வேண்டும். நடுவில் நீல நிறத்தில் ஒரு பட்டுத்துணி.

"அமே, உங்க வயசு என்ன?" என்று ஆயுனா கேட்டாள். "யார் கை கீழேன்னு பாக்கணும்."

"நாப்பத்தொம்போது" என்றாள் சித்ராதேவி.

"அம்பத்திமூணு" என்றார் அப்பாசாமி, கேட்காமலே.

தாரிமாவுக்கு ஐம்பத்தொன்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் தன் கைகளைக் கீழே கொடுத்தாள். கனமான, வேலை செய்து பழகிய கைகள். கொஞ்ச நேரம் அவை சித்ராதேவியின் முழங்கைகளைத் தாங்கிப் பிடித்திருந்தன. கோபமாக இருக்கவேண்டிய அந்த நேரத்தில் அது சுகமாக இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

அதன் பிறகு வெள்ளைச் சாப்பாடு. அன்றைக்கு வாயில் முதலில் படுவது பாலில் செய்ததாக இருக்க வேண்டுமாம். இன்சீனிலிருந்து வரும் பாலில் ஆயுனா ஒரு வாரமாக எடுத்துப் புளிக்க வைத்த ஆடையைக் கொதிக்கவிட்டு, மாவைத் தூவி, நெய் பிரிந்து வரும்வரை தாரிமா கிளறினாள். சலமாத் என்று பேர். சித்ராதேவி ஒரு கரண்டி வாயில் போட்டாள். நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது. "இதுல சக்கரையப் போட்டா அல்வா" என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது கரண்டியும் எடுத்துக்கொண்டாள்.

பிறகு அவள் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டாள். டிக்கெட் விஷயமாகப் பிள்ளையாரிடம் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது முரளியும் ஆயுனாவும் தாரிமாவும் ஷ்வேதகோன் பகோடாவுக்குக் கிளம்பி நின்றார்கள். மேசைமேல் பெரிய தட்டில் ஈரத்துணி மூடியிருந்தது.

"அமே, உள்ள பூஸா இருக்கு. எல்லாம் ரெடி" என்றாள் ஆயுனா. "பத்தரைக்கு ஆவியில வெச்சிடறீங்களா? நாங்க வந்ததும் சூடா சாப்பிடணும்."

பூஸா என்றால் உள்ளே கறி வைத்த கொழுக்கட்டை என்று முரளி சொல்லியிருந்தான். அதற்குக் கறி வாங்கத்தான் நேற்று சித்ராதேவி பர்கத்துல்லா பாய் கடைக்குப் போனாள். ஆயுனா சொல்லி அனுப்பியபடி, அரைக்காமல் கத்தியால் பொடியாக நறுக்கி, கொழுப்பும் கூடச் சேர்த்துக் கேட்டாள். "டோ சித்ரா, என் கடைக்கு வந்து கொழுப்பைக் கேட்டு வாங்கற முதல் ஆள் நீங்கதான்" என்றார் பாய், பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு 'டோ' சேர்த்து. "எல்லாரும் எடுத்துப் போடுன்னுதான் என் உசிர எடுப்பாங்க."

இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. சித்ராதேவி துணியைத் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"என்ன?" என்றார் அப்பாசாமி.

"வாயே மூடல."

அறுபது உருப்படிக்கு மேல் இருக்கும். உருண்டையாக, வெள்ளையாக, சுற்றிலும் நல்ல மடிப்பு. ஆனால் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு விரல் போகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே கறியும் வெங்காயமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

தாமுவேயில் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை என்றால் சித்ராதேவிதான். அவள் மடிப்பு மெல்லிசாக, எண்ணினால் இருபத்தொன்று வரும். உச்சியில் ஒரு திருகு. பத்து வருடத்தில் அவள் கையில் ஒரு கொழுக்கட்டை வாய் விட்டதில்லை. வாய் விட்ட கொழுக்கட்டையைப் பார்த்தால், சட்டைப் பொத்தான் போடாத பிள்ளையைப் பார்த்தது மாதிரி அவளுக்குக் கை பரபரக்கும்.

"பாவம், இடுப்பு வலிச்சிருக்கும். உக்காந்து எல்லாத்தையும் முடிக்க முடியல. அம்மாக்காரியாவது மூடி இருக்கலாம். கோயிலுக்கு நேரமாச்சுன்னு அப்படியே வெச்சிட்டுப் போயிருக்காங்க."

"அவங்க ஊர்ல அப்படித்தானோ என்னவோ?"

"வாயத் தொறந்து வெச்சா கறி எப்படிங்க வேகும்? சாறெல்லாம் ஆவியோட போயிராது? கொழுக்கட்டை எனக்குத் தெரியாதா?"

அப்பாசாமி சாசரை எடுத்துக்கொண்டார்.

சித்ராதேவி மணையைப் போட்டு உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒன்றொன்றாக மூடினாள். இழுத்து, சேர்த்து, ஒரு திருகு. மனசுக்குள் ஒரு சின்ன நப்பாசையும் இருந்தது. தாரிமா வந்து பார்ப்பாள். இப்படி ஒரு கை இருக்கிற வீட்டில் மகளை விட்டுப் போகலாம் என்று அவளுக்கே தோன்றும். அறுபத்துநாலையும் மூடிவிட்டு, இட்லித் தட்டின் குழிகளில் முதல் ஈடை அடுக்கினாள். ஒவ்வொன்றும் குழியில் ராஜா மாதிரி உட்கார்ந்தது.

படியில் பேச்சுச் சத்தம் கேட்டபோது பானை கடகடத்துக்கொண்டிருந்தது. தாரிமா வியர்த்து விறுவிறுத்து, அங்கியின் பட்டனைக் கழற்றிக்கொண்டே நேராகப் பால்கனிக்கு வந்தாள். வாசனையை ஒரு தரம் ஆழமாக இழுத்தாள். முகம் மலர்ந்தது. மூடியைத் தூக்கினாள்.

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

பூஸாக்கள் பந்து மாதிரி உப்பியிருந்தன. இரண்டு வயிறு வெடித்துச் சாற்றைத் தட்டில் கொட்டியிருந்தன. மற்றவை எப்போது வெடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தன. தாரிமா தன் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள்.

"அமே" என்றாள் ஆயுனா. "மேல வழி இருந்துச்சே?"

"இருந்துச்சு. நான்தான் மூடினேன்."

"எல்லாத்தையுமா?"

"அறுபத்திநாலும்" என்றார் அப்பாசாமி. "நான் சொன்னேன்."

"நீங்க சும்மா இருங்க."

ஆயுனா ஒரு பூஸாவைக் காட்டி, கையால் வட்டம் போட்டாள். "அமே, இது வீடு மாதிரி. எங்க பழைய காலத்து வீடு. ரவுண்டா இருக்கும். நடுவுல நெருப்பு. மேல ஒரு வழி, புகை போறதுக்கு. அதான் இதுலயும் மேல வழி வெப்போம். ஆவி போயிரும், சாறு உள்ளயே நிக்கும்."

சித்ராதேவிக்கு முகம் சுருங்கிவிட்டது. வருடத்தின் முதல் நாள், வந்த விருந்தாளியின் அறுபத்துநாலு வீட்டுக்கும் கூரையை அடைத்திருக்கிறோம். இனி எந்த முகத்தோடு மகளை விட்டுப் போ என்று கேட்பது? பன்னிரண்டு நாள் எதற்கு, நாளைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

"அம்மா பிள்ளையாருக்குப் படைச்சிட்டாங்க" என்று முரளி சிரிக்கத் தொடங்கினான். சித்ராதேவி பார்த்த பார்வையில் பாதியில் விழுங்கினான்.

தாரிமா யாரையும் கவனிக்கவில்லை. உப்பிய ஒன்றைக் கையில் எடுத்து, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றி ஊதினாள். கரண்டி, முள் எதுவும் கூடாது, கையில் எடுத்துக் கடித்து முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும் என்று முரளி முன்பே சொல்லியிருந்தான். அவள் பழக்கப்படி ஓரமாகக் கடித்தாள். போக வழியில்லாமல் அடைபட்டிருந்த சாறு ஒரே பாய்ச்சலாகப் பீறிட்டு, எதிரே நாற்காலியில் இருந்த அப்பாசாமியின் மூக்குக்கண்ணாடியில் போய் அடித்தது.

அப்பாசாமி கண்ணாடியைக் கழற்றினார். மீசையில் வழிந்ததை நாக்கால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.

முதலில் சிரித்தது தாரிமா. அந்தச் சிரிப்பு அவள் உடம்பைவிடப் பெரியதாக இருந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கீழ்மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். ஆயுனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சித்ராதேவிக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"யாதே, யாதே அமே, பரவாயில்ல" என்று ஆயுனா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள். "இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. பொங்கலுக்கு நான் உங்க பாலைத் தடுத்தேன். இன்னிக்கு நீங்க எங்க ஆவியத் தடுத்தீங்க."

சித்ராதேவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியுமா உனக்கு? அது பொங்கி வழியணும்னு?"

"அப்பத் தெரியாது. அப்புறம் முரளி சொன்னாரு."

"அப்ப ஏன் தூக்கினே?"

"எங்க வீட்டுல பால் நெருப்புல விழக் கூடாது, அமே. நெருப்புக்கு மரியாதை இல்லாமப் போயிரும். வீட்டுல இருக்கிற நல்லது போயிரும்னு அம்மா சொல்வாங்க. நீங்க உள்ள போயிட்டீங்க. பால் மேல வருது. நான் பயந்துட்டேன். உங்க வீட்டு நல்லதைக் காப்பாத்தணும்னு ஓடினேன்." உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். துணியைச் சுற்றியும் சுட்ட இடத்தில் இன்னும் ஒரு சின்ன வடு இருந்தது.

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்கதான் ரெண்டு நாள் பேசலையே!"

"மூணு நாள்" என்றார் அப்பாசாமி.

சித்ராதேவி அந்த வடுவைக் கட்டைவிரலால் தடவினாள். ஒரு மாதமாக இந்த வீட்டைவிட்டு ஓடப் பார்க்கிறாள் என்று நினைத்த பெண், அன்றைக்கு இந்த வீட்டுக்காகத்தான் ஓடியிருக்கிறாள்.

அதற்குள் தாரிமா ஒரு பூஸாவைக் கண் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உச்சித் திருகை விரலால் தட்டிப் பார்த்து மகளிடம் ஏதோ கேட்டாள்.

"இந்தத் திருகு எப்படிப் போடறதுன்னு அம்மாவுக்குச் சொல்லித் தரணுமாம்" என்றாள் ஆயுனா. "பதிலுக்கு ஓட்டை வைக்க அவங்க சொல்லித் தருவாங்களாம்."

மிச்ச மாவும் கறியும் வந்தன. சம்பந்திகள் இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தாரிமா கட்டைவிரலைக் கறிமேல் நிறுத்தி, சுற்றிலும் மாவை மடித்துக்கொண்டே வந்து விரலை உருவினாள். ஓட்டை அழகாக நின்றது. சித்ராதேவி அதேபோலச் செய்தாள். கடைசியில் விரல்கள் தாமாகவே போய்த் திருகிவிட்டன. தாரிமா அவள் புறங்கையில் செல்லமாக ஒரு அடி போட்டாள்.

"ஐயோ சம்பந்தியம்மா, நான் என்ன பண்ணட்டும், கை கேக்க மாட்டேங்குது!"

எந்த மொழியில் சொன்னாலும் அது புரிகிற விஷயம்தான். தாரிமாவின் திருகும் அப்படித்தான், ஓட்டை விட்டே பழகிய கை மூடமாட்டேன் என்றது. ஆளுக்கு ஏழெட்டு பாழானபின் ஒருவழியாகப் பாதைக்கு வந்தார்கள்.

புது ஈடு வெந்ததும் யாரும் தொடுவதற்கு முன்னால் தாரிமா ஒன்றை எடுத்தாள். பிட்டு, கொழுப்புள்ள துண்டைக் கரியடுப்பின் வாயில் போட்டாள். நெருப்பு 'சுர்' என்று எழுந்து அவள் முகத்தைச் சிவப்பாக்கியது. முதல் துண்டு எப்போதும் நெருப்புக்குத்தான். சித்ராதேவியின் கை தன்னை அறியாமல் கும்பிடப் போனது.

தாரிமா அடுப்பை விட்டு நகரவில்லை. உள்ளே எரிவதையே பார்த்துக்கொண்டு மெதுவாக மகளிடம் பேசினாள்.

"என்ன சொல்றாங்க?"

"அங்க எங்க வீடு அஞ்சாவது மாடி, அமே. கரண்ட் அடுப்பு. அப்பா போனதுக்கு அப்புறம் கிராமத்து வீட்டையும் வித்துட்டோம். நெருப்புக்குக் கையால சாப்பாடு குடுத்து ஒம்போது வருஷம் ஆச்சாம். இங்க வந்து குடுத்தேன்னு சந்தோஷப்படறாங்க." ஆயுனா அம்மாவின் தோளைத் தொட்டாள். "அந்த வீட்டுல அம்மா மட்டும்தான் இருக்காங்க."

சித்ராதேவி இதுவரை அந்த ஊரை நினைத்தபோதெல்லாம் பனியைத்தான் நினைத்திருந்தாள். விறைத்த துணியைத்தான் பார்த்திருந்தாள். அந்தத் துணியை ஒற்றை ஆளாக நின்று மடிப்பவளை இப்போதுதான் பார்த்தாள். இரண்டு டிக்கெட் ஏன் என்பதும் புரிந்தது.

எழுந்து போய்க் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்தாள். சாமி படத்தின் பக்கத்தில் மடித்து வைத்திருந்த அந்த நீலப் பட்டுத்துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். தாரிமாவின் எதிரே நின்று, துணியை விரித்து, தன் இரண்டு கைகளையும் அவள் கைகளுக்குக் கீழே கொடுத்து முழங்கையைத் தாங்கினாள்.

தாரிமா திகைத்துப்போய்க் கையை மாற்றப் பார்த்தாள்.

"அமே, தப்பு தப்பு" என்றாள் ஆயுனா. "நீங்கதான் மூத்தவங்க. உங்க கை மேல வரணும்."

"தெரியும். எனக்கு அம்பத்திமூணு. அதான் உங்க மாமா ஊருக்கே சொல்லியாச்சே." அவள் கையை விடவில்லை. "கேக்கறவ கை கீழதான் இருக்கணும். நீ நான் சொல்றத அப்படியே சொல்லு, தமீ." பர்மியத்தில் 'தமீ' என்றால் மகள்.

முரளி வாசல்படியில் வந்து நின்றான். அப்பாசாமி சாசரைக் கீழே வைத்தார்.

"தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். எங்க வழக்கமும் அதான். நானே அப்படித்தான் போனேன். அத மாத்தச் சொல்லல. ஆனா தாய் எங்க இருக்காளோ அதுதானே தாய் வீடு? முன்னால இருக்கிற ரூம் காலியாத்தான் கெடக்கு. இந்த அடுப்பு தினமும் எரியும், கரண்ட்காரன் புண்ணியத்துல. முதல் துண்டு யார் வேணாலும் போடட்டும்."

"அம்மா, டிக்கெட்..." என்று முரளி இழுத்தான்.

"டிக்கெட்ட மாத்தலாம், விசாவுக்கு அலையலாம். நீ எதுக்கு இருக்கே? சும்மா இரு." சித்ராதேவி சம்பந்தியின் முகத்தையே பார்த்தாள். தாரிமாவின் கைகளின் கனம் அவள் கைகள்மேல் இறங்கியிருந்தது. "பிள்ளை பொறக்கற வரைக்கும் இங்கயே எங்களோட இருங்க, சம்பந்தியம்மா. பொறந்ததும் ரெண்டு பேருமா சேர்ந்து கையில வாங்குவோம். இருப்பாங்களான்னு கேளு, தமீ. கேளு."